சமையலறையில் தொங்கிய படம்

முப்பதாவது படத்தையும் சுவர் பக்கம் முகம் திருப்பி மாட்டிவிட்டு மாக்டெல் நாற்காலியிலிருந்து இறங்கினாள். வலது கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. அதை இடது கைக்குள் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கப்பல்களும் பசுக்களும் லேஸ் கழுத்துப்பட்டை போட்ட கனவான்களும் போய், நான்கு சுவரிலும் வெறும் பலகையும் பழுப்புத் துணியும்தான் தெரிந்தன. கட்டிலில் பாரெண்ட் வெள்ளைச் சட்டையில் கிடந்தார். விடிகாலையில் மூச்சு நின்றது. இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை.

"அவ்வளவுதானே அக்கா?" என்றாள் அடுத்த வீட்டு ட்ரெய்ன். கண்ணாடிகளுக்குத் துணி போட்டதும் கடிகாரத்தை நிறுத்தியதும் அவள்தான்.

"சமையக்கட்டுல ஒண்ணு இருக்கு."

"அது கிடக்குது விடுங்க. அடுப்படிப் படம், அதைப் போய் யார் கேக்கப்போறாங்க?"

"ஏன், அவர் பாதி நாள் அங்கேதானே உட்கார்ந்திருந்தார்? எல்லாம் முகத்தைத் திருப்பிட்டு நிக்கிறப்போ அந்தப் படத்துல இருக்கிறவ மட்டும் வேடிக்கை பார்ப்பாளா?"

சாவு விழுந்த வீட்டில் பெட்டி வாசல் தாண்டும்வரை எந்தப் படமும் முகம் காட்டக் கூடாது. இதில் மாக்டெல் யாருக்கும் விட்டுக்கொடுப்பவள் அல்ல. பத்தொன்பது வருடம் இந்த வீட்டின் எஜமானியாக இருந்தும் தெருவில் பாதிப் பேர் அவளை 'பாரெண்ட் வீட்டு வேலைக்காரி' என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பேச இடம் கொடுக்க அவளுக்கு மனசில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்புக்கு எதிரே தொங்கிய, சின்ன ஓக் பலகைமேல் வரைந்த படத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் கொக்கு பதித்த சிவப்பு அரக்கு முத்திரை ஒன்றும், அதன் பக்கத்தில் சூட்டுக்கோலால் பொறித்த 47 என்ற எண்ணும் இருந்தன. எல்லாப் படத்தின் முதுகிலும் இப்படி ஏதாவது இருக்கும். அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

பாரெண்ட் புகையிலை வியாபாரி. ஆம்ஸ்டர்டாமில் படம் ஏலம் நடந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பலகையை வாங்கியபோது அவருடைய முதல் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாக்டெல் சம்பளத்துக்கு இருந்தாள். ஒரு பெண் மீன் செதில் எடுக்கிற படம். ஏலப் பட்டியலில் அதற்கு லெய்டன் நகரத்துப் பெரிய ஓவியர் ஒருவரின் பெயர் போட்டிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போது கனவான்கள் தொப்பியைத் தொட்டுக்கொள்வார்கள். முன்னறையில் வைத்து ஒரு வாரம் வந்தவர் போனவர் எல்லாரும் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள்.

தூசி தட்ட வந்த மாக்டெல்தான் சொன்னாள், "இவ கத்தி பிடிச்சிருக்கிற விதமே தப்பு. கட்டைவிரலை மடக்காம கத்தி முதுகு மேல நீட்டிக்கிட்டு, தன் பக்கமா இழுக்கிறா பாருங்க. இப்படி இழுத்தா செதில் பூரா மூஞ்சியிலதான் அடிக்கும். மீனைத் தொட்டே பார்க்காத ஆள் வரைஞ்சது."

கனவான்கள் சிரித்தார்கள். பாரெண்ட் சிரிக்கவில்லை. மறுநாள் மீன் சந்தைக்குப் போய் அரைநாள் நின்று, கத்தி பிடிக்கிற ஒவ்வொரு கையாகப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் தன் பட்டியலை எடுத்து அந்தப் பெரிய பெயரை அடித்தார். பக்கத்தில் 'பெயரில்லை, சமையலறை' என்று எழுதிப் படத்தைக் கொண்டுபோய் அடுப்புக்கு எதிரே மாட்டினார். ஏலக்கூடம் முழுக்க அந்தக் கதை பரவிற்று. 'வேலைக்காரி சொன்ன படம்' என்று அவர் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். அவர் அடுத்த ஏலத்துக்கும் அதே முகத்தோடு போனார். மூன்று வருடம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டபோது சிரித்தவர்களுக்குக் கொஞ்சம் வாய் அடைத்தது.

பாரெண்டின் உயில் நான்கே வரி. ஓவியர் பெயருள்ள படங்கள் எல்லாம் ஏலத்துக்குப் போய், பணம் மகன் ஹெர்மானுசுக்கு. வீடும் வீட்டுச் சாமான்களும் மாக்டெலுக்கு. பெயரில்லாத படம் வீட்டுச் சாமான். சட்டி, பானை, தட்டுமுட்டோடு சேர்த்தி. அப்படிப் பார்த்தால் அந்த வீட்டுப் படங்களில் அவளுக்கென்று வந்தது அது ஒன்றுதான். அவளுக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் புதன்கிழமை மதியம் ஹெர்மானுஸ் ஏலத் தரகர் பிராக்மனைக் கூட்டிக்கொண்டு வந்தான். முப்பத்தெட்டு வயது, மாக்டெலை இதுவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா முகத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சுவர்களைப் பார்த்தான்.

"ஜெர்மன் இளவரசர் ஒருத்தரோட ஆள் ஊருக்கு வந்திருக்கார். பத்து நாள்தான் இருப்பார்," என்றான். "அதுக்குள்ள பட்டியல் அச்சாகணும். பிராக்மன் ஐயா படங்களைப் பார்த்துக் குறிச்சுக்குவார். முன்பக்கமாத் திருப்பி வைங்க."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் திருப்பறேன்."

"அன்னைக்குத்தானே அடக்கம்?"

"ஆமா. பெட்டி வாசலைத் தாண்டட்டும்."

பிராக்மன் பொய்முடியைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டினார். "அம்மா, சம்பிரதாயம் எனக்கும் தெரியும். ஒவ்வொண்ணா லேசாத் திருப்பி, பார்த்துட்டு, பழையபடி வெச்சுடறேன். பாரெண்ட் ஐயா என்ன கோவிச்சுக்கவா போறார்?"

"அவர் கோவிச்சுக்க மாட்டார். நான்தான் கோவிச்சுக்குவேன். நான் கோவிச்சா எப்படி இருக்கும்னு தம்பிகிட்ட கேட்டுக்குங்க."

ஹெர்மானுஸ் ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் பிராக்மன் பாரெண்டின் பட்டியலை வாங்கிக்கொண்டு, படங்களின் முதுகுகளோடு ஒப்பிட்டு எழுத ஆரம்பித்தார். தன் முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு பார்வையிடல் கண்டதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார். முன்னறையில் கணப்பு மூட்டவில்லை. விரல் விறைத்துப்போய் அவர் சமையலறைக்கு வந்து அடுப்பில் கைகாட்டி நின்றபோதுதான் அது நடந்தது.

"இந்தக் கொக்கு..." என்றார். குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். "அம்மா, பாரெண்ட் ஐயா வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடி எங்க அப்பா கூவின ஏலத்துல வந்தது இது. இந்த முத்திரையை அவர் மேசையில நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். நாற்பத்தேழு! அச்சடிச்ச பட்டியல், ஓரத்துல அப்பா கையால விலை எழுதினது, ஹார்லெம்ல என் அண்ணன் வீட்டுல பத்திரமா இருக்கு. அதுல நாற்பத்தேழுன்னு என்ன போட்டிருக்கோ அதுதான் இந்தப் படம். யார் மறுக்க முடியும்?"

"அவர் மறுத்தார்," என்றாள் மாக்டெல். "அவர் கையெழுத்தைப் பார்த்தீங்கல்ல? பெயரில்லை, சமையலறை."

"அவர் பிடிவாதம் ஊருக்கே தெரியும். ஆனா முத்திரையும் எண்ணும் அச்சும் ஒத்துப்போச்சுன்னா, அந்தப் பழைய சிரிப்பெல்லாம் எடுபடாது."

ஹெர்மானுஸ் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஏறியது. "அப்ப இதுக்குப் பேர் இருக்கு. ஏலத்துல சேரும்."

"வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு வரும்போது பட்டியலைக் கையோட கொண்டுவர்றேன். அதுவரைக்கும் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்," என்றார் தரகர்.

அவர்கள் போனபின் மாக்டெல் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள். தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ட்ரெய்ன் அப்போதே சொன்னாள், விடுங்கள் என்று. திருப்பாமல் விட்டிருந்தால் பிராக்மன் அங்கே ஒரு மீன்காரியைத்தான் பார்த்திருப்பார். எல்லாருக்கும் தெரிந்த கேலிப் படம் என்று குளிர்காய்ந்துவிட்டுப் போயிருப்பார். ஊர் பேசக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்து, தானே முதுகைக் காட்டிக் கொடுத்தாயிற்று.

வியாழக்கிழமை முழுவதும் ஆட்கள் வந்துபோனார்கள். கறுப்பு அங்கிக்காரர் வீடு வீடாகப் போய்ச் சாவு சொன்னார். சந்து கிடைத்தபோது மாக்டெல் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியால் பலகையைச் சுரண்டிப் பார்த்தாள். அரக்கு கொஞ்சம் பெயர்ந்தது. எண் ஆழமாகச் சுட்டிருந்தது. கட்டைவிரல் மடங்காத கையால் எவ்வளவு அழுத்த முடியும்? கத்தி வழுக்கி முழங்கையில் கீறியதுதான் மிச்சம். அப்போதுதான், மூன்று நாளில் முதல்முறையாக, அவளுக்கு அழுகை வந்தது. பாரெண்ட் இருந்திருந்தால் கத்தியை வாங்கிக்கொண்டு தான் சுரண்டியிருப்பார். இல்லாததால்தானே சுரண்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்ததும் அழுகை இன்னும் அதிகமாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை தச்சர் எவெர்ட் பெட்டியைக் கொண்டுவந்தார். பாரெண்டை உள்ளே வைத்தாயிற்று, மூடி உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"நல்லா இருக்கும்போதும் அவர் ஒண்ணுக்கும் ஒத்துவந்ததில்லை," என்று சொல்லிக்கொண்டே எவெர்ட் மூடியைக் கொல்லைக்குத் தூக்கிப்போனார். மரம் அறுக்கும் தாங்கி மேல் போட்டு இழைப்புளியால் ஓரத்தைச் சீவ ஆரம்பித்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது.

மாக்டெல் வாசற்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பலகையைக் கழற்றிச் சட்டத்திலிருந்து உருவி, போர்வையில் சுற்றி எடுத்து வந்தாள்.

"எவெர்ட், இதையும் கொஞ்சம் சீவிக்குடு."

எவெர்ட் போர்வையை விலக்கி முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அவள் முழங்கைக் கீறலையும் பார்த்தார். "மறுபக்கம் படமாம்மா?"

"ஆமா. அந்தப் பக்கம் ஒரு கீறல் விழக்கூடாது."

"யாருதுன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"சமையக்கட்டோடது. சமையக்கட்டு என்னோடது. வாசல் கதவு பிடிச்சுக்குச்சுன்னு உன்னைக் கூப்பிட்டா சீவிக்குடுப்பியா மாட்டியா?"

"கதவை யாரும் போர்வையில சுத்திக்கிட்டு வந்து கேக்கறதில்லையே," என்றார் எவெர்ட். ஆனாலும் போர்வையை நான்காக மடித்துப் போட்டார். படம் கீழே இருக்கும்படி பலகையை அதன்மேல் வைத்து நான்கு பக்கமும் மரத்துண்டு கொடுத்து இறுக்கினார். "ஒரு தடவை பாரெண்ட் ஐயா எங்க அப்பா செஞ்ச பெட்டியைப் பார்த்துட்டு, இந்த ஊர்ல பொய் சொல்லாத தொழில் உங்களோடதுதான்னார். இன்னைக்கு அதையும் கெடுத்துட்டீங்க."

"பொய் எங்கே வந்துச்சு? யாராவது உன்னைக் கேட்டா நடந்ததைச் சொல்லு."

எவெர்ட் சிரித்துவிட்டார். இழைப்புளி ஓடியது. முதல் ஓட்டத்தில் கொக்கு தெறித்தது. நான்காவதில் ஏழு போயிற்று, ஆறாவதில் நான்கு. ஓக் மரம் உள்ளே தேன் நிறத்தில் இருந்தது. விழுந்த சீவலையெல்லாம் எவெர்ட் வழக்கப்படி கூட்டி அள்ளிப் பெட்டிக்குள் வைக்கும் தலையணையின் உறைக்குள் திணித்தார்; மூடிச் சீவலும் படச் சீவலும் ஒன்றாக. உறையின் வாயை மாக்டெல் தைத்தாள். ஊசி இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. தலையணையை அவளே கொண்டுபோய், பாரெண்டின் தலையைத் தூக்கி அடியில் வைத்தாள். தலை கனத்தது. சரியாக அமைகிறவரை இரண்டு பக்கமும் தட்டிவிட்டாள். பிறகு பலகையைச் சட்டத்தில் பொருத்தி, முகம் சுவரைப் பார்க்கப் பழைய இடத்தில் மாட்டினாள்.

பதினொரு மணிக்குப் பிராக்மன் கறுப்பு உடுப்பில், கக்கத்தில் மஞ்சள் பூத்த ஒரு பட்டியலோடு வந்தார். ஹெர்மானுஸ் அவரை நேரே சமையலறைக்குக் கூட்டிப்போனான். பிறகு தரகர் வெளியே வந்தார்.

"பின்பக்கம் புதுசா இழைச்சிருக்கு!"

"பெட்டி வேலை நடந்தது," என்றாள் மாக்டெல். "வீட்டுல பூச்சி அரிச்ச பலகை ஒண்ணு ரெண்டு இருந்தது, சேர்த்துப் பார்த்துக்கிட்டோம்."

"முத்திரை எங்கே? எண் எங்கே?"

ஹெர்மானுஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொல்லைக்குப் போய்த் துடைத்துவிட்டாற்போல் இருந்த தரையைப் பார்த்தான். திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தான். புடைத்த தலையணையின் தையல் புதிதாக இருந்தது. அவனும் அந்த ஊர்க்காரன்தானே. எல்லாப் பெட்டியிலும் தலைக்கு என்ன வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"நீ..." என்றான். சின்ன வயதில் அவளை விரட்டி வேலை வாங்கிய அதே குரல். "நீ அதை அவர் தலைக்கடியில..."

"எடு," என்றாள் மாக்டெல். குரலை ஏற்றவில்லை. அறை முழுக்க அக்கம்பக்கத்து ஆட்கள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "உங்க அப்பா. உனக்கு உரிமை இருக்கு. தலையைத் தூக்கி, தலையணையைக் கிழிச்சு, ஒவ்வொரு சுருளா எடுத்து ஒட்டவெச்சுப் பாரு. நான் தடுக்க மாட்டேன். ட்ரெய்ன், தம்பிக்குக் கத்திரிக்கோல் எடுத்துக்குடு."

ட்ரெய்ன் நகரவில்லை. யாரும் நகரவில்லை. ஹெர்மானுஸ் பெட்டியின் ஓரத்தில் கை வைத்து அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாரெண்டின் உதடு ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் ஏலத்தில் யாராவது சிரித்தால் அப்படித்தான் வைத்துக்கொள்வார். மகன் கையை எடுத்துவிட்டான். எவெர்ட் மூடியை வைத்தார். இந்தத் தடவை ஒழுங்காக உட்கார்ந்தது.

ஆண்கள் பெட்டியோடு போனதும் மாக்டெல் வாசலில் நின்று, ஊர்வலம் கால்வாய்ப் பாலம் ஏறி மறைகிறவரை பார்த்தாள். பின் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு படமாகத் திருப்பினாள். கப்பல்கள் வந்தன, பசுக்கள் வந்தன. கடைசியாகச் சமையலறை.

அவர்கள் திரும்பி வந்து, பீரும் பிஸ்கட்டும் ஆனபின், பிராக்மன் மீண்டும் அந்தப் படத்தின் முன் போய் நின்றார். மனுஷருக்கு ஆசை விடவில்லை.

"முன்பக்கமே சொல்லுதே. இந்த வெளிச்சம், இந்தத் தண்ணித் தொட்டி. பெரியவர் கைதான் இது."

"அப்ப அப்படியே அச்சுல போடுங்க," என்றாள் மாக்டெல். "நாற்பத்தேழாம் எண்ணுன்னு உங்க பட்டியல் சொல்லுது. இந்தப் பலகைதான் அந்த நாற்பத்தேழுன்னு யார் சொல்றது? இது வேலைக்காரி சொன்ன படம்னு ஏலக்கூடத்துல தெரியாதவங்க யாரு? ஜெர்மன்காரர் முன்னாடி அவங்க சிரிக்கும்போது இந்தக் கத்தியைக் காட்டி விளக்கம் சொல்லுங்க. உலகத்துல எவ இப்படிக் கத்தி பிடிப்பா? நீங்க மீன் செதில் எடுத்திருக்கீங்களா, ஐயா?"

பிராக்மன் மீன் செதில் எடுத்ததில்லை. அவர் ஹெர்மானுசைப் பார்த்தார். ஒரே ஒரு படத்துக்காக முப்பது படத்தின் ஏலத்தையும் கேலியாக்க யாருக்குத்தான் மனசு வரும்?

"அப்பாவும் இதேதான் சொல்லிட்டு இருந்தார்," என்றான் ஹெர்மானுஸ் களைத்துப்போய். "விட்டுடுங்க. அது சமையலறையிலயே கிடக்கட்டும்." தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "நாளைக்கு வண்டி வரும். முப்பதுக்கும்." அவள் தலையாட்டினாள்.

எல்லாரும் போனபின் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ட்ரெய்ன் வைத்துவிட்டுப் போன மீன் மேசைமேல் ஒரு கூடையில் இருந்தது. அவள் புருஷன் காலையில் பிடித்தது, கெட்டுவிடும். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மாக்டெல் கறுப்புச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள்.

கட்டைவிரல் மடங்கவில்லை. ஏழு வருடமாகவே மடங்குவதில்லை. அதைக் கத்தியின் முதுகு மேல் நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, தன் பக்கமாக இழுத்தாள். எதிரே படத்தில் அவளும் அதே மாதிரிதான் இழுத்துக்கொண்டிருந்தாள். மூட்டு பிடித்த ஒரு கை வேறு எப்படியும் பிடிக்க முடியாது. வரைந்தவருக்கு அது தெரிந்திருந்தது. முதன்முதலில் தன் கையைப் பார்த்து மாக்டெலுக்கு அது புரிந்தபோது, அவள் சட்டென்று கையை இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் மறைத்துக்கொண்டாள். பாரெண்டிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அதன்பிறகும் ஏழு வருடம், வாரத்தில் இரண்டு நாள், புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் மீன் செதில் எடுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

செதில் ஒன்று தெறித்து அவள் கன்னத்தில் ஒட்டியது. அவள் அதைத் துடைக்காமல் அடுத்த மீனை எடுத்தாள்.